குறுகிய வாக்கியம் என்றால் பரபரப்பு

பணி ஓய்வுக்குப் பின்னும், கிள்ளானில் ஓர் இடைநிலைப்பள்ளியில் பள்ளிப்படிப்பின் கடைசி ஆண்டான ஐந்தாம் படிவத்துக்கு ஆங்கிலம் கற்பிக்க ஒப்பந்த ஆசிரியனாகப் போய்வருகிறேன். பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் விடியற்காலையில் ஒரு பதிகம் பாடி முடித்துவிட்டுத்தான் ரயில் ஏறுவேன். உரைநடையைப் பிரித்துப் படிக்கும் வித்தையை நான் கற்றதும் பதிகங்களிடமே. அடியார் மூன்று அடிகளில் இறைவனின் சடையையும் பிறையையும் பாம்பையும் அடுக்கிக்கொண்டே போவார். தமக்கு வேண்டியதை நான்காம் அடியின் கடைசியில் சுருக்கமாகக் கேட்டு முடிப்பார். கேட்கக் கூச்சம், அதனால் வந்த தாமதம் அது. வாக்கியம் ஏன் நீள்கிறது, ஏன் அந்த இடத்தில் நிற்கிறது என்று வகுப்பிலும் கேட்கச் சொல்வேன்.

கடந்த ஆண்டு சோதனைத் தேர்வில் ஒரு பத்தி வந்தது. தந்தையின் கடைசி நாளை மகன் விவரிக்கிறான். மருத்துவமனைத் தாழ்வாரம், உறவினர்கள், ஆறிப்போன தேநீர் என்று வாக்கியங்கள் நீண்டுகொண்டே போகின்றன. பிறகு ஆங்கிலத்தில் நான்கே சொற்களில் ஒரு வாக்கியம்: தந்தை இறந்துவிட்டார். அந்தக் குறுகிய வாக்கியத்தின் பயன் என்ன என்பது கேள்வி.

என் மாணவி ஒருத்தி எழுதியிருந்தாள்: ‘இதுவரை மகன் பேசிக்கொண்டே இருந்தது இந்த வாக்கியத்தைத் தள்ளிப்போடத்தான். இதற்கு மேல் பேச அவனால் முடியவில்லை.’ படித்தபோது ரயிலில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன்.

அந்த விடைக்குச் சுழியம் விழுந்தது.

எங்கள் பள்ளியில் ஒருவர் வகுப்பின் தாள்களை இன்னொருவர் திருத்துவது வழக்கம். திருத்தியவர் ஆங்கிலப் பாடக்குழுத் தலைவி. ஆசிரியர் அறையில் தாளை அவர் முன் வைத்தேன்.

“மார்க்கிங் ஸ்கீம்ல சஸ்பென்ஸ்னு இருக்கு சார். ஷார்ட் சென்டன்ஸ்னா சஸ்பென்ஸ். இவ வேற ஏதோ கதை எழுதியிருக்கா லா.”

“பத்தியப் படிச்சீங்களா?”

“எண்பது பேப்பர் சார்! ஸ்கீமப் படிச்சேன், போதாதா?”

“அப்பா செத்துட்டார்னு சொல்லியாச்சு. அதுல என்னம்மா சஸ்பென்ஸ்? எந்திரிச்சு வந்துருவாரா?”

பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். “விடுங்க, சாரு சாமிப் பாட்டுக்கு உரை சொல்ற மாதிரி பேப்பர் திருத்தச் சொல்றாரு.”

ஆமாம், அப்படித்தான் சொல்கிறேன். சாவைச் சொல்லும் வரியில் பரபரப்பைத் தேடுகிறவர் சாமிப் பாட்டையும் படிக்கவில்லை, ஆங்கிலத்தையும் படிக்கவில்லை. உரைநடை உத்திகளுக்கெல்லாம் ஒரு சிறு கையேடு அச்சிட்டு வைத்திருக்கிறார்கள். குறுகிய வாக்கியம் என்றால் பரபரப்பு. கேள்வி என்றால் வாசகரைச் சிந்திக்க வைக்கிறது. திரும்பத் திரும்ப வந்தால் வலியுறுத்துகிறது. மூன்று நிற மைகளால் பத்தியில் கோடு போட்டுவிட்டு, கையேட்டிலிருந்து எடுத்து ஒட்டிவிடுகிறார்கள். பத்தியைப் படிக்க வேண்டிய தேவையே இல்லை.

ஒரு சுழியத்துக்கு இவ்வளவு கோபமா என்று கேட்கலாம். அந்தப் பெண் இறுதித் தேர்வில் ஆங்கில இலக்கியத்தைக் கூடுதல் பாடமாக எடுக்க விரும்பினாள். சோதனைத் தேர்வில் அறுபது எடுக்காதவரைப் பள்ளி பதிவு செய்யாது. அவள் எடுத்தது ஐம்பத்தெட்டு. அந்தக் கேள்விக்கு ஐந்து மதிப்பெண்.

தலைமையாசிரியரிடம் போனேன். தாளைத் தொடாமலே, மறுதேர்வு வைக்கலாம், திருத்துவது மட்டும் ஸ்கீம்படிதான் என்றார். உலகத்துக்கே சலுகை தந்ததுபோல் ஒரு முகம்.

மறுநாள் பள்ளி முடிந்ததும் அவள் என்னைத் தேடி வந்தாள். அவளுடைய அப்பா துறைமுகத்தில் கன்டெய்னர் லோரி ஓட்டுகிறவர். வீட்டில் ஆங்கிலம் சொல்லித்தர ஆளில்லை.

“சார், தப்பா எடுத்துக்காதீங்க. அந்த புக்லெட்ட மனப்பாடம் பண்ண சொல்லிக் கொடுங்க.”

“நீ எழுதினதுதாம்மா சரி.”

“தெரியும் சார். ஆனா சரியா எழுதினா பாடம் கிடைக்காதே.”

ஒரு வாரம், மாலைதோறும், நானே உட்கார்ந்து ஒப்புவிக்க வைத்தேன். பொருள் தெரியாமல் பதிகம் பாடுவோரைக் கோயிலில் எத்தனை முறை கடிந்திருப்பேன்! அதே வாயால், “கேள்வின்னா?” என்று நான் கேட்க, “சிந்திக்க வைக்குது சார்” என்று அவள் சொன்னாள். ஐந்தாம் நாள் பத்தியைப் பார்க்காமலே சொல்லத் தொடங்கிவிட்டாள். “வெரி குட்” என்றேன். சொன்ன நாக்கை என்ன செய்வது?

மறுதேர்வில் வந்தது, ஒரு தாய் குழந்தையைத் தூங்கவைக்கும் பத்தி. தாலாட்டு நீண்டு தேய்ந்து, ‘அவன் உறங்கினான்’ என்று முடிகிறது. அவள் விடை: இந்தக் குறுகிய வாக்கியம் பரபரப்பை உண்டாக்குகிறது. பக்கத்தில் சிவப்பு மையில் முழு மதிப்பெண்.

பதிவுப் படிவத்தில் பாட ஆசிரியர் கையொப்பமிட வேண்டும். போட்டேன். படிவத்தை வாங்கிக்கொண்டவள் கதவருகே நின்றாள்.

“சார், அந்தக் குழந்த தூங்கினதும் அம்மாவுக்கு அப்பாடான்னு ஆயிருச்சுல்ல? அத எழுதத்தான் கை போச்சு. அடக்கிட்டேன்.”

“நல்லவேளை” என்றேன்.