எட்டாம் நம்பருக்கு நான் வைத்த பெயர்

என் வாழ்நாள் கதாநாயகன் இறந்துபோன செய்திக்குக் கும்பிடும் கைப் படம் ஒன்றை அனுப்பிவிட்டு, நான் ரொட்டி சானாய் சாப்பிட்டேன்.

ஒன்றல்ல, இரண்டு. இரண்டாவதற்குக் குழம்பு போதவில்லை என்று கடைக்காரரிடம் கேட்டு வேறு வாங்கினேன்.

கல்நெஞ்சக்காரன் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். என் வயதில் காலையில் போனைத் திறந்தால் முதலில் வருவது மரண அறிவிப்புதான். பழைய ரப்பர் தோட்டத்து நண்பர்களின் வாட்ஸப் குழுவில் வாரத்துக்கு ஒன்றாவது வந்துவிடும். கட்டைவிரலுக்கே பழகிவிட்டது. மூளையைக் கேட்காமல் அதுபாட்டுக்குக் கும்பிடுகிறது. ஒருமுறை கல்யாணப் பத்திரிகைக்குக் கூட 'ஆழ்ந்த இரங்கல்' அனுப்பிவிட்டது. மாப்பிள்ளை அதைப் பத்திரமாக வைத்திருக்கிறாராம்... இப்போது அர்த்தம் புரிகிறதாம்.

அன்றைக்கு வந்த அறிவிப்பில் 'தங்கராஜூ த/பெ பெரியண்ணன், பத்து பெரண்டாம்' என்று பெயரும் ஊரும் இருந்தன. படத்தில் வழுக்கைத் தலை, கோட்டு, டை. ஏதோ ஃபாக்டரி விருந்தில் எடுத்தது போல. யாரோ பெரியவர், பாவம். கும்பிட்டேன். குழம்பு கேட்டேன்.

ஆறு நாள் கழித்து கனி போன் செய்தான். கனி தெங்கேராவில் துணிக்கடை வைத்திருக்கிறான். இள வயதில் நாங்கள் இருவரும் ஒரே சைக்கிளில் ஜாசின் பக்கத்துத் தோட்டத் திடல்களுக்கெல்லாம் போய்க் காற்பந்து பார்த்தவர்கள். மிதித்தது அவன். பின்னால் உட்கார்ந்து விமர்சனம் செய்தது நான்.

"டேய், நம்ம எட்டாம் நம்பர் போயிட்டாருடா."

எப்போது என்று பதறினேன்.

"என்னைக் கேக்குற? நீதான் குரூப்ல கும்பிட்டு வச்சிருக்கியே. தங்கராஜூன்னு போட்டிருந்துச்சே, அவர்தான். கடைக்கு வந்த ஒரு அம்மா சொல்லித்தான் எனக்கே தெரியும்லா."

குழுவைத் திறந்து அந்த வழுக்கைத் தலைப் படத்தை மறுபடி பார்த்தேன். இறுதிச் சடங்கு முடிந்து நாலைந்து நாள் ஆகிவிட்டது. எங்கள் கூட்டத்தில் ஒருவர்கூடப் போகவில்லை. ஏன்? ஏனென்றால், அவருடைய பெயர் தங்கராஜூ என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது!

எங்கள் காற்பந்தில் அப்படித்தான். ஐசி அடையாள அட்டையில் இருக்கும் பெயர் போலீஸுக்கும் தோட்ட ஆபீஸ் கிராணிக்கும். திடலில் எல்லோருக்கும் பட்டப்பெயர்தான். எங்கள் கோல் கீப்பருக்குப் 'பெரிய கதவு'. ஆட்டம் தொடங்குமுன் கோல் கம்பத்தைப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டிப் பார்ப்பார், வீடு வாங்க வந்தவர் மாதிரி. பிறகு பள்ளி பஸ் ஓட்டினார். சிறுநீரகம் கெட்டு, வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் ஓடி, ஒரு மழைக்காலத்தில் கதவு சாத்திக்கொண்டது.

இடது பக்கம் ஓடியவர் 'மோட்டார்'. பூட்ஸ் போட்டால் வேகம் குறையும் என்று வெறுங்காலில் ஆடுவார். சர்க்கரை வியாதி கடைசியில் அந்த இடது காலையே கேட்டது. ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தபோது, "ரெஃப்ரி பாதி ஆளுக்கு மட்டும் சிவப்பு அட்டை காட்டிட்டார்லா" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். கார் நிறுத்தும் இடத்துக்கு வந்த பிறகு சிரிக்க முடியவில்லை. மறு மாதம் மிச்சப் பாதிக்கும் அட்டை வந்துவிட்டது.

இப்படி என் பதினோரு பேரில் முக்கால்வாசிப் பேர் போய்விட்டார்கள். மேலே ஒரு டீம் இறக்கலாம். கோல் கீப்பர் கூட இருக்கிறார்.

நான் எந்த இடத்தில் ஆடினேன் என்று கேட்கிறீர்களா? நான் அணியின் பதினாறாவது ஆள். ஜெர்சி பதினைந்துதான் இருந்தது. ஆகவே கோட்டுக்கு வெளியே நின்று தண்ணீர் கொடுப்பதும் கத்துவதும் என் வேலை. தண்ணீர் கொடுத்தது யாருக்கும் ஞாபகம் இல்லை.

அந்த அணியின் எட்டாம் நம்பர்தான் தங்கராஜூ. எனக்கு ஏழெட்டு வயது மூத்தவர். சுருட்டை முடி, ஒல்லி உடம்பு. திடலில் சத்தம் போடவே மாட்டார். பந்து வருமுன் தோளுக்கு மேல் ஒரு பார்வை பார்ப்பார். அவ்வளவுதான், பந்து போக வேண்டிய இடம் அவருக்குத் தெரிந்துவிடும். எதிராளியிடமிருந்து பந்தைப் பறித்தால் "சாரிலா" என்று சொல்லிவிட்டுத்தான் ஓடுவார். இப்படி ஒரு மனிதரை அதற்குப் பிறகு நான் தொலைக்காட்சியில்கூடப் பார்க்கவில்லை. ஒரு செமி ஃபைனலில், கணுக்கால் அளவு மழைத் தண்ணீரில், பந்தைத் தரையில் விடாமலே மூன்று பேரைத் தாண்டி ஒரு கோல் போட்டார். நானும் கனியும் அன்று சைக்கிளை மறந்துவிட்டு நடந்தே வீட்டுக்குப் போனோம்.

அவருக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது. அதை வைத்தவன் நான்.

அந்த செமி ஃபைனலை அடுத்து வந்த ஃபைனல். கடைசி நிமிடத்தில் எங்களுக்கு பெனால்டி. பந்தைச் சட்டையில் துடைத்து வைத்தார். ஓடி வந்தார். ஈரப் புல்லில் கால் வழுக்கியது. பந்து கோல் கம்பத்துக்கு மேலே பறந்து, திடலுக்குப் பின்னால் இருந்த வரிசைக் கக்கூஸின் தகரக் கூரையில் 'படார்' என்று விழுந்தது. உள்ளே இருந்த ஒருவர் கைலியைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே ஓடி வந்தார்.

எனக்கு அப்போது பதினெட்டு வயது. நாக்குக்கும் மூளைக்கும் இடையில் கேட் எதுவும் கிடையாது. அந்தக் கூரையையும் அவரையும் சேர்த்து ஒரே ஒரு வார்த்தை கத்தினேன். திடலே சிரித்தது. எதிர் அணி சிரித்தது. ரெஃப்ரி விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தார்.

அவரும் சிரித்தார். அதைத்தான் நான் அனுமதி என்று எடுத்துக்கொண்டேன்.

நல்ல பெயருக்கு விளம்பரம் வேண்டும். கெட்ட பெயருக்குக் கால் இருக்கிறது. அது தோட்டம் தோட்டமாகப் போனது. அவர் பத்து பெரண்டாம் ஃபாக்டரியில் வேலைக்குச் சேர்ந்தபோது அவருக்கு முன்பே போய் அங்கே காத்திருந்ததாம். இரண்டு வருடத்தில் அவர் ஆடுவதை நிறுத்திவிட்டார். முட்டி வலி என்றார்கள். நானும் முட்டி என்றே நம்பினேன்... நம்புவது எனக்கு வசதியாகவும் இருந்தது.

பதினாறாம் நாள் காரியத்துக்கு நானும் கனியும் போனோம். வாசலில் கூடாரம் போட்டிருந்தார்கள். நாற்காலிகள் நிறைய, ஆட்கள் குறைவு. அவர் மகள் வந்து, "அங்கிள், நீங்க அப்பாகூட வேலை செஞ்சவங்களா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. அப்பா ஆடுனதைப் பார்த்தவங்க" என்றேன்.

அவளுக்கு ஆச்சரியம். அப்பா 'கொஞ்சம் பந்து விளையாடுவேன்' என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறார். வீட்டில் ஒரு படம்கூட இல்லை. கனி அந்த மழை கோலைச் சொல்ல ஆரம்பித்தான். சொல்லும்போதே எழுந்து நின்று காலைத் தூக்கிக் காட்டினான். அவன் உடம்புக்கு அது பெரிய காரியம். அந்தப் பெண் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள், சாவுக்கு வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாமாம். அறிவிப்பு தயார் செய்தவர், பட்டப்பெயர் இருந்தால் பக்கத்தில் போடுங்கள், ஆட்களுக்கு அடையாளம் தெரியும் என்றாராம். அம்மா கூடாது என்றுவிட்டார்களாம்.

தங்கராஜூவின் மனைவி உள்ளேயிருந்து வந்து கதவோரம் நின்றார்.

"அவர்தான் தம்பி ஆஸ்பத்திரியில வச்சு சொன்னாரு. 'ஆளு வராட்டியும் பரவால்ல, அந்தப் பேரைப் போட்டுடாத'ன்னு. எந்தப் பாவி வச்ச பேரோ."

கனி என்னைப் பார்க்கவில்லை. அவன் பார்க்காமல் இருந்ததே போதுமானதாக இருந்தது.

நான் ஊருக்கெல்லாம் தமாஷ் பேசுகிறவன். வாய்க்குள் எப்போதும் நாலு வார்த்தை தயாராக இருக்கும்.  அன்று மேஜையில் இருந்த தண்ணீர் போத்தலின் மூடியைத் திருகித் திருகித் திறந்தேன், மூடினேன்.

"நான்தான்க்கா அது."

அவர் திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். திட்டவில்லை. மகளைக் கூப்பிட்டு, இவங்களுக்கு இலை போடு என்றார். சாப்பிட்டோம். எல்லோரிடமும் ரசம் வேண்டுமா, சோறு வேண்டுமா என்று கேட்டு வந்தவர், என் இலையைத் தாண்டும்போது மட்டும் கேட்கவில்லை. வைத்துவிட்டுப் போனார்.

கிளம்பும்போது செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். அந்த அக்கா பின்னால் வந்து நின்றார். வருடா வருடம் நடக்கும் மூத்தோர் காற்பந்துப் போட்டியில் இறந்துபோன ஆட்டக்காரர்களின் பெயரை நான்தான் மைக்கில் வாசிக்கிறேன் என்று கனி சொல்லியிருக்கிறான்.

"அவர் பேரையும் வாசிங்க. அவர் பேரை."

போன ஞாயிற்றுக்கிழமை அந்தப் போட்டி. பெயர் வாசிப்பது எப்போதும் என் கச்சேரி மாதிரி. பட்டப்பெயர், அது வந்த கதை, ஒரு சிரிப்பு... அப்புறம்தான் ஒரு நிமிட மௌனம். பெரிய கதவுக்கும் மோட்டாருக்கும் அப்படித்தான் செய்தேன். அவர்கள் அதைக் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் அந்தப் பெயர் பிடித்திருக்கிறதா என்று அவர்களிடமும் நான் கேட்டதில்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது.

இந்த முறை ஆரம்பத்திலேயே வாசித்தேன். "தங்கராஜூ பெரியண்ணன். எட்டாம் நம்பர்."

கூடாரத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. யாருய்யா அது என்று பக்கத்தில் பக்கத்தில் கேட்டுக்கொண்டார்கள். அந்த மழை கோலைச் சொன்னேன். "சாரிலா" என்று சொல்வாரே, அவர் என்றேன். அப்போது பின் வரிசையிலிருந்து ஒருவர், அட, நம்ம இன்னாரா என்று அந்தப் பெயரைச் சொல்லியே கேட்டுவிட்டார். கெட்ட மனிதர் இல்லை, பாசத்தில்தான் கேட்டார். கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியது. எனக்கு நன்றாகத் தெரிந்த அதே சிரிப்பு.

கூடாரத்தின் ஓரத்தில் அவர் மகள் நின்றுகொண்டிருந்தாள். கனிதான் அழைத்து வந்திருந்தான்.

மைக்கை வாய்க்கு அருகில் கொண்டுபோனேன். "அது நான் வச்ச பேரு. ஒரு பெனால்டிக்காக வச்சேன். அவருக்கு அவங்க அப்பா வச்ச பேரு தங்கராஜூ. அந்தப் பேருக்கு ஒரு நிமிஷம் எந்திரிச்சு நில்லுங்க."

நாற்காலிகள் நகர்ந்தன. பின் வரிசைக்காரர் தொப்பியைக் கழற்றினார். கொஞ்சம் இருமல், தூரத்தில் ஒரு லோரி. யாரும் சிரிக்கவில்லை.

ஒரு கூட்டத்தைச் சிரிக்க வைக்க எனக்கு ஒரு விநாடி போதுமானதாக இருந்தது. அந்தச் சிரிப்பை நிறுத்த நாற்பத்தைந்து வருடம் ஆனது — அதுவும் ஒரே ஒரு நிமிடத்துக்கு.