ஒற்றை ஓம், இரட்டை ஓம்

ஜான்-டலோன் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது தவமணி அக்காவின் மகள் அபிராமி அழைத்தாள். "அம்மா காலமை போயிட்டா, அண்ணா. நித்திரையிலதான்." நோவில்லாமல் போனாரே என்ற ஆறுதலோடு ஒரு பழைய சந்தேகமும் வந்து உட்கார்ந்துகொண்டது.

தவமணி அக்காவை உங்களில் பலர் டொலார்ட் முருகன் கோயிலில் அறிந்திருப்பீர்கள். எனக்கு அவர் பறவை பார்க்கும் கூட்டாளி. ஒரு மே மாதம் மவுண்ட் ராயலில் ஒரு குருவியைக் கண்டு, "பிக்னெல் பூங்குருவி!" என்று கூவினேன். பக்கத்தில் நின்ற அக்கா, இல்லை, சாம்பல்கன்னப் பூங்குருவி என்றார். "ரெண்டும் பாக்க ஒண்டுதான், தம்பி. உம்மையும் என்னையும் மாதிரி. வாய் திறந்தாத்தான் ஆர் எந்த ஊரெண்டு தெரியும்." அது வாய் திறக்காமலே பறந்துவிட்டது. அந்த வழக்கு கடைசிவரை தீரவில்லை.

சாம்பல்கன்னத்துக்குக் கவலையில்லை, அலாஸ்கா வரை வடக்கெல்லாம் அதன் ராஜ்ஜியம். பிக்னெலோ அருகிவரும் இனம். இங்கும் அமெரிக்க எல்லைப்பக்கமும் சில மலையுச்சிக் காடுகள்தான் அதற்குக் கதி. சாம்பல்கன்னத்தின் பாட்டு முடிவில் இறங்கும். பிக்னெலின் பாட்டு ஏறும். இரண்டும் மெல்லிய கீச்சுக் குரல்கள். வயதாக ஆக அக்காவின் காது முதலில் இழந்துகொண்டிருந்ததும் அந்தக் கீச்சைத்தான். "அந்தக் குருவி அழியமுன்னம் என்ர காது அழிஞ்சிடும் போல," என்பார். ஒருமுறையாவது பிக்னெலைக் கேட்டுவிட வேண்டும் என்று தவித்தார்.

போன ஜூனில் அபிராமியோடு மெகாந்திக் மலைக்குப் போனோம். மூடுபனிக்குள்ளிருந்து பிக்னெல் பாடியது.

"கேட்டுச்சா அக்கா?"

"ஓம் ஓம்," என்றார், திரும்பாமலே.

அதுதான் என்னை அரித்தது. அக்காவின் ஒற்றை 'ஓம்' என்றால் ஆமாம். இரட்டை 'ஓம் ஓம்', காதில் விழாதபோது சொல்வது. மூலைக்கடை டெப்பனேர்க்காரர் பிரெஞ்சில் படபடத்தாலும் அதுதான் பதில். மறுபடி கேட்க எனக்கு மனம் வரவில்லை.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச்செலவு அன்று அபிராமி கைப்பேசியை நீட்டினாள். மலையில் எங்களுக்குப் பின்னாலிருந்து அவள் பிடித்த வீடியோ. குருவி பாடுகிறது. அக்காவின் சுட்டுவிரல் கூடவே அசைகிறது. பாட்டு ஏறும் இடத்தில் விரலும் மேலே போகிறது. அடுத்த பாட்டுக்கும் அப்படியே.

"அம்மா அப்ப அழுதுகொண்டு நிண்டவ. அதுதான் உங்களைத் திரும்பிப் பாக்கேல்லை."

துக்க வீட்டில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்; அன்று என்னை முறைத்தவர்கள் மன்னிக்க வேண்டும். அக்கா கேட்டுவிட்டார். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த விரலைத்தான். பூங்குருவி எது பாடினாலும் இப்போது என் விரலும் அசைகிறது, முடிவில் மேலே போகாதா என்று.