ஆவி என்று சொன்னதால் வலங்கைமானில் நேர்ந்தது

தஞ்சாவூரில் ஒரு கல்லூரியின் வேதியியல் துறைத் தலைவராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். உறவினர் நடுவே எனக்கு இன்னொரு மதிப்பும் இருந்தது. நெடுநாள் புகைப்பழக்கத்தை மனஉறுதியால் உதறியவன் என்று என்னைச் சொல்வார்கள். நானாக அதைப் பறைசாற்றியதில்லை. பிறர் சொன்னபோது மறுத்ததுமில்லை. சிகரெட்டுக்குப் பதிலாக மின்சிகரெட் ஒன்றை வைத்திருந்தேன். வெளிநாட்டில் வாழும் என் பழைய மாணவர் கொண்டுவந்து கொடுத்தது. நம் நாட்டில் விற்பனைக்குத் தடை உள்ள பொருள் அது; நான் விலைக்கு வாங்கவில்லை.

ஆவணி மாத முகூர்த்த நாள் ஒன்றில், வலங்கைமானில் என் தங்கை பூங்கோதையின் மகளுக்கு நிச்சயதார்த்தம். தாய்மாமனாகிய நான் முன்நின்று தட்டு மாற்ற வேண்டும். காலை ஆறு மணிக்குப் புதிய பேருந்து நிலையத்தில் கும்பகோணம் வண்டி ஏறினேன். நாற்பது கிலோமீட்டர். பள்ளியக்கிரகாரத்தில் வெண்ணாறு கரை நிறையப் போய்க்கொண்டிருந்தது. அய்யம்பேட்டைக்குப் பிறகு குறுவை பழுத்துச் சாய்ந்து நின்றது. அறுவடை இயந்திரங்கள் சாலையோரம் காத்திருந்தன.

ஏழரைக்குக் கும்பகோணம். தேநீர்க் கடையோரமாக நின்று கருவியை இழுத்தேன். பக்கத்தில் நின்ற துணி வியாபாரி, தாடி வைத்த பாய் ஒருவர், பரிவோடு கேட்டார்.

“என்ன சார், வீசிங்கா? என் மச்சானும் இது மாதிரி ஒண்ணு வச்சிருக்காரு.”

“மருந்து இல்லைங்க. புகையும் இல்லை. இது ஆவி.”

“ஆவி புடிக்கிறீங்களா? ரெண்டு நொச்சித்தழை போட்டா இன்னும் கேக்குமே!”

கடைக்காரர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. புகை என்பது எரிவதால் வருவது. இதில் எதுவும் எரிவதில்லை, திரவம் சூடாகி ஆவியாகிறது. வேதியியல் படித்தவன் இரண்டையும் ஒரே சொல்லால் குறிக்க முடியாது. இதை விளக்கிவிட்டு, தேநீருக்குப் பின் வழக்கமான சிகரெட் ஒன்றையும் முடித்துக்கொண்டு மன்னார்குடி வண்டியில் ஏறினேன். வலங்கைமான் பத்து கிலோமீட்டர்தான்.

ஒன்பது மணிக்கெல்லாம் தங்கை வீட்டுப் பந்தல் நிறைந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் மன்னார்குடியிலிருந்து இரண்டு வேன்களில் வந்திறங்கினார்கள். நேரம் இருந்ததால் கொல்லைப்புறம் சென்று கருவியை இழுத்தேன். வாழைகளுக்கு அருகே சமையல் நடந்துகொண்டிருந்தது. காய் நறுக்கிய அம்மாள் நிமிர்ந்து பார்த்தார்.

“என்னங்கய்யா, புகை விடுறீங்களா?”

“புகைன்னு சொல்லக் கூடாதும்மா. ஆவி.”

“சரிங்கய்யா, ஆவி விடுங்க.”

சற்று நேரத்தில் நெஞ்சு படபடத்தது. வியர்த்தது. கண் இருண்டு, அரிசி மூட்டைமேல் சாய்ந்து உட்கார்ந்தேன். அந்த அம்மாள் பந்தலுக்குள் ஓடிக் கூவியது எனக்கே கேட்டது.

“ஐயா ஆவி விட்டுட்டாரு! மூட்டை மேல சாஞ்சுட்டாரு!”

நான் சொல்லிக்கொடுத்த சொல்லைத்தான் அவர் சொன்னார். பந்தலில் இருந்தவர்களுக்கு அதற்கு ஒரே பொருள்தான். நாதசுரம் நின்றது. தங்கையின் அலறல் எழுந்தது. யாரோ பூத்தட்டுகளைத் துணியால் மூடினார்கள். நான் தூணைப் பிடித்து எழுந்து, துண்டைச் சரிசெய்துகொண்டு பந்தலுக்குள் நடந்தேன்.

“அண்ணே!” என்று பூங்கோதை என் கையைப் பற்றினாள்.

மாப்பிள்ளையின் தந்தை பாயை விட்டு எழுந்துவிட்டார். “உசுரோட இருக்கீங்க, சந்தோஷம். ஆனா ஒண்ணு கேக்குறேன், தப்பா எடுத்துக்காதீங்க. குடும்பத்துல நெஞ்சு நோவு இருக்கா? எங்ககிட்ட மறைச்சீங்களா?”

மணப்பெண் கூடத்து வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளையின் அக்கா மருத்துவர். என்னை நாற்காலியில் உட்காரவைத்து நாடி பார்த்தார்.

“மாமா, காலைலேர்ந்து என்னென்ன எடுத்தீங்க? மருந்து, மாத்திரை ஏதாவது?”

மயக்கம், வெயில், வெறும் வயிறு என்று எதையும் சொல்லியிருக்கலாம். சொன்னால் என் மதிப்பு நிற்கும்; நெஞ்சு நோய் என்ற சந்தேகமும் அந்தப் பெண் தலைமேல் நிற்கும். கருவியை எடுத்து எல்லோரும் பார்க்க மடியில் வைத்தேன்.

“இதை விடிந்ததிலிருந்து இழுத்துக்கொண்டிருக்கிறேன். சிகரெட் மூன்று. நான் அதை விடவே இல்லை.”

பந்தலில் எழுந்த முணுமுணுப்பை இங்கே எழுத வேண்டியதில்லை.

“அதான் நாடி இப்படி ஓடுது. ரெண்டுலயும் நிகோடின் இருக்கு மாமா,” என்றார் மருத்துவர்.

“இதில் எதுவும் எரிவதில்லையே.”

“எரியலன்னா கெடுதலே இல்லேன்னு அர்த்தமா? இது நுரையீரலுக்கு நாளாவட்டத்துல என்ன செய்யும்னு முழுசா யாருக்கும் தெரியாது. சிகரெட்டை அடியோட விட்டுட்டு இதுக்கு மாறினவங்க கதை வேற. நீங்க மாறல. சேத்துக்கிட்டீங்க.”

பிறகு தம் தந்தையிடம் திரும்பினார். “அப்பா, எனக்குத் தெரிஞ்சு இது வம்ச நோய் இல்ல, பழக்கம். மாமாவுக்கு இன்னிக்கே ஒரு இ.சி.ஜி. எடுத்துடலாம். நீங்க உக்காருங்க.”

அவர் உடனே உட்காரவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னார்: “பொய் சொல்லித் தப்பிச்சிருக்கலாம் நீங்க. சரி, தட்டை எடுங்க.” பூத்தட்டுகளின் துணி விலகியது. பத்தரைக்குள் தட்டு மாற்றியாயிற்று.

பகலுணவுக்குப் பின் கும்பகோணத்தில் இ.சி.ஜி. எடுத்துப் பார்த்தார்கள். அப்போதைக்குக் கவலை இல்லை என்றார்கள். மாலை வண்டியில் சன்னலோரம் இடம் கிடைத்தது. காலையில் காத்திருந்த இயந்திரங்கள் வயலுக்குள் இறங்கியிருந்தன. பாபநாசத்தில் வண்டி நின்றபோது வழக்கம்போல இறங்கிப் பெட்டிக்கடைப் பக்கம் சென்றேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

அன்று அந்தப் பந்தலிலேயே சாவுக்கு அஞ்சி இரண்டையும் நான் விட்டுவிட்டதாக இப்போது உறவினர் சொல்லி வருகிறார்கள். அது சரியல்ல. கருவியை மட்டும் அன்று மருத்துவரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். சிகரெட்டை விட்டது தை மாதத்தில், நான்காவது முயற்சியில்.