மஞ்சள் கோடு

மறைமலை நகரில் கார் உதிரிபாகம் செய்யும் ஆலையில் தரப் பரிசோதகன் நான். அங்கே நட்டை முழுதாக முடுக்கியபின், நட்டிலிருந்து போல்ட் வரை மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு இழுப்போம். முடுக்கியாயிற்று, நம்பலாம் என்று பொருள். முடுக்காமலே கோடு போட்ட ஒருவரை ஊரறியத் திட்டித் தீர்த்தவன் நான்.

மாடம்பாக்கத்தில் எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்கு ஏறும் இரும்பு ஏணியை மாற்றினோம். "ஆள் எதுக்கு, நானே மாட்டிடறேன்" என்று முந்திக்கொண்டேன். மொத்தம் நான்கே நட்டு. கீழே தரையோடு இருந்த இரண்டையும் நன்றாக முடுக்கினேன். மேலே சுவரில் இருந்த இரண்டும் குழாய்க்குப் பின்னால் மாட்டிக்கொண்டன. என் ஸ்பேனர் திரும்பவில்லை. கையாலேயே திருகினேன். நாளைக்கு ஆலையிலிருந்து ரிங் ஸ்பேனர் கொண்டுவரலாம் என்று நினைத்தேன். கீழே நாலு பேர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான்குக்கும் கோடு இழுத்துவிட்டு இறங்கினேன்.

போதாததற்கு எங்கள் பிளம்பரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அண்ணா, இந்தக் கோடு இருந்தா கண்ணை மூடிட்டு ஏறலாம்." நாளை, நாளை என்று மூன்று வாரம் போயிற்று. ஊருக்குத்தான் உபதேசம்.

தொட்டி கழுவ அவர் ஏறியபோது பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தேன். உச்சியில் ஏணி சுவரை விட்டுக் கழன்று, அவரோடு சாய்ந்தது. அவருக்குக் கணுக்கால் முறிந்துவிட்டது. நான் முதலில் அவரைத் தூக்கவில்லை. காலடிக்கு உருண்டு வந்த நட்டை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அதில் பாதிக் கோடு இருந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டார்.

எல்லாரும் ஓடி வந்ததும், "கால் வழுக்கிகிச்சு" என்றார். எங்கள் குடியிருப்பை நம்பித்தான் அவருக்குப் பாதிப் பிழைப்பு. நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். வெட்கங்கெட்ட தலை.

ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மெதுவாகச் சொன்னார். "எப்பவும் ஆட்டிப் பாத்துட்டுத்தான் ஏறுவேன் சார். கோடு கீதேன்னு உட்டுட்டேன்."

நான்கு மாதம் கழித்து விந்தி விந்தி வந்தார். ரிங் ஸ்பேனர் போட்டு நானே எல்லாவற்றையும் முடுக்கியிருந்தேன். அதைச் சொன்னேன், எல்லார் முன்னாலும் சொல்லவேண்டியதை அன்றும் சொல்லவில்லை. "சரி சார்" என்றவர், ஏணியை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினார். மறுபடி ஆட்டினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"உன் மேல வுயுந்துறப் போவுது சார், கொஞ்சம் தள்ளி நில்லு."

தள்ளி நின்றேன்.