அக்கா வளர்த்த மரங்களும் அக்காவின் பயமும்

அக்கா இல்லாத ஓர் ஆண்டைக் கர்த்தர் எங்களைக் கடக்கச் செய்திருக்கிறார். இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்களில் பலர் அக்காவிடம் கிறிஸ்துமஸ் மரம் வாங்கியவர்கள். சிலர் மரம் கேட்டு, கிடைக்காமல், கோபித்துக்கொண்டு போனவர்கள். அக்கா ஏன் அப்படி இருந்தார்கள் என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. அவர்களுடைய ஒரே தம்பியாகிய நான் எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதுகிறேன்.

அக்கா மாட்டுப்பட்டிக்கு மேலே உள்ள தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்தார்கள். எங்கள் பெற்றோர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மலையேறி வந்தவர்கள். அப்பா சீக்கிரம் இறந்துபோனார்கள். அம்மா கொழுந்துக் கூடையோடு சரிவில் விழுந்து இடுப்பு முறிந்த பிறகு எழுந்து நடக்கவே இல்லை. பள்ளிப் படிப்பை விட்டுவிட்டு அக்கா கொழுந்தெடுக்கப் போனார்கள். அம்மாவைக் குளிப்பாட்டுவது, என்னைப் படிக்க வைப்பது, எல்லாம் அவர்கள் தலையில்தான் விழுந்தது. திருமணத்திற்குப் பிறகும் அம்மாவை விட்டுப் போக மனமில்லாமல் அத்தானை எங்கள் வீட்டுக்கே வரச் சொன்னார்கள். அத்தானும் வந்தார்கள்.

அத்தானுக்கு எஸ்டேட் நாற்றங்காலில் வேலை. லயத்துக்குப் பின்னால் இருந்த சரிவில் அவர்கள் விளையாட்டாகத்தான் கிறிஸ்துமஸ் மரத்துக்கு ஆகும் சைப்ரஸ் விதைகளைத் தூவினார்கள். முளைத்ததை வளர்த்தது அக்கா. காய்களை வெயிலில் காயவைத்து, வெடித்ததும் விதையெடுத்து, பாலித்தீன் பையில் ஊன்றி, நிழலில் வைப்பார்கள். ஜனவரியில் எங்கள் பக்கத்துப் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்கும். அந்தப் பனி பட்டால் நாற்றின் குருத்து கருகிவிடும். மாலையானால் ஒவ்வொரு நாற்றுக்கும் சாக்குப் போட்டு மூடி, காலை வெயில் வந்ததும் எடுப்பார்கள். ஆளுயரம் வளர நாலைந்து வருடம் ஆகும். கீழே அகலமும் மேலே கூர்மையுமாக இருக்க வேண்டும் என்று வருடத்தில் இரண்டு முறை கவாத்துக் கத்திரியால் ஓரம் வெட்டிவிடுவார்கள்.

முதன்முதலில் விற்ற வருடம், ஒரு மரத்தைப் பக்கத்து வீட்டு ரூபி வாங்கினாள். ரூபிக்கு அப்போது கைக்குழந்தை. எங்கள் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர். மேலே தகரத்துக்கு அடியில் இருந்த பலகைத் தட்டு லயம் முழுவதற்கும் ஒன்றுதான். டிசம்பர் தொடக்கத்திலேயே மரத்தை வெட்டி வாங்கிப்போய், அடுப்படிச் சுவரோடு சாய்த்து வைத்து, பஞ்சு ஒட்டி, சீரியல் பல்பு போட்டாள். தண்ணீர் வைக்க வேண்டும் என்று அவளுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் பிற்பகல். ஆண்களெல்லாம் சபைக் கோயிலை அலங்கரிக்கப் போயிருந்தார்கள். நானும் அக்காவும் கடையில் மாவு வாங்கிக்கொண்டு வந்தோம். வளைவு திரும்பியதும் லயத்துக் கூரையிலிருந்து புகை. ரூபி குழந்தையைத் தொட்டிலில் தூங்கவிட்டு, கீழே குழாயடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அங்கிருந்து பார்த்தால் புகை தெரியாது.

“லே, ஓடிப்போய் மெயின இழுத்து விடு!” என்று அக்கா கத்தினார்கள். மாவு கீழே கொட்டியது. நான் கடைசி வீட்டுச் சுவரில் இருந்த மெயின் சுவிட்சை இழுத்துவிட்டுத் திரும்பினேன். ரூபி வீட்டு வாசலில் சடசடவென்ற சத்தம் கேட்டது. காய்ந்த சைப்ரஸ் எரிகிற சத்தத்தைக் கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். தீ அதற்குள் பலகைத் தட்டைப் பிடித்து எங்கள் வீட்டுப் பக்கம் வந்துகொண்டிருந்தது.

அக்கா இரண்டு வாசலுக்கும் நடுவில் நின்றார்கள். ஒரு பக்கம் அம்மா, மறு பக்கம் குழந்தை. உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது.

“என்னய விடுட்டி! புள்ளயப் பாரு!”

அக்கா முந்தானையைத் தலையில் சுற்றிக்கொண்டு ரூபி வீட்டுக்குள் போனார்கள். நான் எங்கள் வீட்டுக்குள் ஓடி, அம்மாவைக் கம்பளியோடு தரையில் இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அக்கா இன்னும் வரவில்லை. தகரம் வெடித்துத் தெறித்தது. “அக்கா!” என்று கத்தினேன். பிறகு புகைக்குள்ளிருந்து குனிந்தபடி வந்தார்கள். குழந்தை வீறிட்டு அழுதது. அக்காவின் இடது கை தோளிலிருந்து முழங்கை வரை வெந்திருந்தது.

உயிர்ச்சேதம் இல்லை என்று எல்லாரும் கர்த்தரைத் துதித்தார்கள். அக்காவால் முடியவில்லை. “நான் வளத்த மரம்லா எரிஞ்சது” என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். சைப்ரஸ் வாசனை பட்டால் வாந்தி எடுத்தார்கள். அடுப்பில் சுள்ளி வெடித்தால் எழுந்து வெளியே ஓடினார்கள். கைப்புண் ஆறியதும் ஒருநாள் வெட்டுக்கத்தியோடு சரிவுக்குப் போய் மரங்களை வெட்டத் தொடங்கினார்கள். அத்தான் தடுக்கவில்லை, பார்த்துக்கொண்டே நின்றார்கள். தடுத்தது ரூபிதான்.

“மதினி, மரம் என்ன செஞ்சுது? நீங்க இத வெட்டிட்டா அடுத்த வருசம் ஆளுக்கு ஆள் காட்டுலேருந்து காஞ்ச கொப்ப ஒடிச்சிட்டு வந்து வைப்பாங்க. அப்ப எவ வீடு எரியுமோ? எப்பிடி வைக்கணும்னு யாராவது சொல்லிக் குடுத்திருந்தா எம்புள்ள தீயில மாட்டியிருக்குமா?”

அக்கா கத்தியை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு நீங்கள் எல்லாரும் அறிந்த அக்கா வந்தார்கள். கிறிஸ்துமஸ் வாரத்துக்கு முன்னால் ஒரு மரம்கூட வெட்ட விடமாட்டார்கள். வேறெங்கோ வாங்கிய மரத்தைக் காட்டினால், கிளையின் நுனியிலிருந்து உள்நோக்கி உள்ளங்கையால் உருவிப் பார்ப்பார்கள். கையில் பச்சை இலை உதிர்ந்தால் வேண்டாம். சிறு கொப்பை வளைத்தால் வளைய வேண்டும், ஒடிந்தால் வேண்டாம். அடிமரத்தைத் தரையில் ஒரு தட்டுத் தட்டுவார்கள், இலை கொட்டினால் வேண்டாம். வீட்டுக்குப் போனதும் அடியில் விரலகலத் துண்டைப் புதிதாக அறுத்து உடனே வாளித் தண்ணீரில் நிறுத்தச் சொல்வார்கள். தாமதித்தால் மரப்பால் உறைந்து வெட்டுவாய் அடைத்துக்கொள்ளும், பிறகு தண்ணீர் குடிக்காது. மரம் சாயாமல் வாளியில் கல் அடுக்க வேண்டும். காலையும் மாலையும் தண்ணீர் பார்க்க வேண்டும். அடுப்புப் பக்கம் கூடாது, வாசலை மறைக்கக் கூடாது, மெழுகுவர்த்தி கூடவே கூடாது. வெளியே போகும்போதும் படுக்கும்போதும் விளக்கை அணைக்க வேண்டும். இலை உதிரத் தொடங்கினால் மரம் அன்றைக்கே முற்றத்துக்குப் போய்விட வேண்டும். அடுப்பில் மட்டும் வைக்கக் கூடாது.

சொன்னதோடு விடவும் மாட்டார்கள். மரம் நிற்கப்போகும் இடத்தை வந்து பார்த்த பிறகுதான் கொடுப்பார்கள். “மரம் வாங்குனா ஒரு மாமியாரும் சேந்து வாராங்க” என்று லயத்தில் சிரித்தார்கள். ஆனால் அந்த நாட்களில் அக்கா சரியாகச் சாப்பிட்டதில்லை என்பது வீட்டில் இருந்த எங்களுக்குத்தான் தெரியும். ஆராதனை நடுவில் எழுந்துபோய் லயத்துக் கூரைகளைப் பார்த்துவிட்டு வருவார்கள். போதகர் அவர்களுக்காகக் கதவோரத்தில் இடம் ஒதுக்கி வைத்தார்.

எங்கள் வீட்டில் மட்டும் மரம் வைத்ததில்லை. அக்கா மகள் ஜென்சி சிறுமியாக இருந்தபோது அழுதுகொண்டே கேட்டாள். “ஊருக்கெல்லாம் குடுக்கீங்க, நமக்கு ஏம்மா இல்ல?”

“எனக்குப் பயம்ட்டி. வேற ஒண்ணும் இல்ல” என்றார்கள்.

அம்மாவும் பிறகு அத்தானும் போனபின், அக்காவும் ஜென்சியுமாக மரங்களைப் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் நுரையீரல் நோய் வந்தது. வீட்டிலேயே ஆக்சிஜன் வைத்தோம். அந்த டிசம்பரில் அக்காவால் படியிறங்க முடியவில்லை. ஜென்சி வீடு வீடாகப் போய் போனில் வீடியோ காட்டினாள். மூச்சு வாங்கிக்கொண்டே, “வாளியக் காட்டு… அந்த ஒயரக் கிட்டக் காட்டு” என்பார்கள். கிறிஸ்துமஸ் கீதம் பாட வந்தவர்கள் மெழுகுவர்த்தியை ரோட்டிலேயே அணைத்துவிட்டு, முற்றத்தில் இருட்டில் நின்று பாடினார்கள். அவர்களுக்கு எங்கள் நன்றி.

புத்தாண்டு ஆராதனை முடிந்து வந்த என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். “பயமா இருக்குலே” என்றார்கள்.

“எல்லாரும் இங்கனதான் இருக்கோம்க்கா.”

“இருங்க.”

மறுநாள் காலையில் கர்த்தருக்குள் நித்திரையானார்கள்.

மூடுபனியில் ஜீப்பை ஓட்டி ஆசுபத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்த டிரைவருக்கும், செவிலியர்களுக்கும், போதகருக்கும், சபையாருக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். அடக்க நாளன்று வந்தவர்களைப் பற்றி ஒன்று சொல்லாமல் முடிக்க எனக்கு மனமில்லை.

கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் வளைவில் குட்டியோடு யானைக்கூட்டம் நின்றது. பனியில் முதுகுகள் மட்டும்தான் தெரிந்தன. வனத்துறை வாச்சர் கையைக் காட்டி நிறுத்தினார். தூறல் தொடங்கியது. பெட்டியைத் தோளில் வைத்திருந்தவர்கள் சோர்ந்துபோனார்கள். “கொஞ்சம் கீழ வச்சிருவோமா?” என்று ஒருவர் மெல்லக் கேட்டார்.

“ஈரத்துல வைக்காதீங்க. மதினி நம்ம தோள்லயே இருக்கட்டும்” என்றாள் ரூபி. எங்கள் பக்கத்தில் பெண்கள் பெட்டி தூக்குவதில்லை. அவள் யாரையும் கேட்காமல் வந்து தோளைக் கொடுத்தாள். அவளைப் பார்த்து மற்றப் பெண்களும் வந்தார்கள். கிளை முறிகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் எல்லாருக்கும் உடம்பு நடுங்கியது. பெட்டியும் சேர்ந்து நடுங்கியது. யானைகள் இறங்கிப் போகும்வரை அப்படியே மாற்றி மாற்றிச் சுமந்து நின்றோம்.

பயந்து ஒருவர்கூடப் பாதியில் வீட்டுக்குத் திரும்பவில்லை.