அத்தாவின் அட்டைப்பெட்டி

ஆறாம் வகுப்பு படிக்கும்போது என்னால் ஓரிடத்தில் உட்கார முடியாது. அத்தா சவூதியிலிருந்து லீவில் வந்திருந்த அந்த மாதம் அது இன்னும் மோசமானது. அப்பாவை நாங்கள் அத்தா என்றுதான் கூப்பிடுவோம். இரண்டு வருடம் கழித்து வந்திருந்தார். வந்த அன்றே அவர் திரும்பிப் போகிற தேதியைக் காலண்டரில் கண்டுபிடித்துவிட்டேன். அவர் தொழுகைக்குப் போனால் திரும்பும்வரை வாசலுக்கும் அடுப்படிக்கும் நடப்பேன். விமானச் சத்தம் கேட்டால் சோற்றுத் தட்டை விட்டு எழுந்துவிடுவேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் ஓவியக் கண்காட்சி வந்தது. பல பள்ளிக்கூடப் பிள்ளைகளின் படங்களை ஸ்ரீரங்கத்தில் ஒரு மண்டபத்தில் மாட்டப்போகிறார்களாம். தலைப்பு ‘என் குடும்பம், என் மரபு’. எனக்குப் பக்கத்தில் இருந்தவள் சங்கும் சக்கரமும் வரைந்தாள். மணப்பாறையிலிருந்து வந்து படித்த ஒருத்தி கொம்பில் வர்ணம் அடித்த மாட்டைப் போட்டாள். மரபு என்றால் என்னவென்று நான் யோசித்து முடிப்பதற்குள், ஓவிய டீச்சரே என் சிரமத்தைக் குறைத்துவிட்டார்.

“நீ பிறையும் பள்ளிவாசல் மினாராவும் போடும்மா. பச்சையில போட்டா எடுப்பா இருக்கும்.”

போட்டேன். பிறை முலாம்பழக் கீற்று மாதிரி வந்தது. மினாரா சாய்ந்துகொண்டே போனது. நாலு தாள் வீணாயின. அழகாக வந்திருந்தாலும் அது எங்கள் பாலக்கரையில் எந்த வீட்டுப் படமாகவும் இருந்திருக்கும்.

ஐந்தாவது தாளை எடுத்துக்கொண்டு வீட்டில் அலைந்தபோது, அத்தா கொண்டுவந்த அட்டைப்பெட்டி கண்ணில் பட்டது. நான்கு பக்கமும் கறுப்பு மார்க்கரில் பெயரும் விலாசமும் எழுதியிருந்தார். பெயரின் கடைசி எழுத்துக்கு வால் இழுத்து, அதை மொத்தப் பெயருக்கும் அடியில் வளைத்துக் கொண்டுபோயிருப்பார். அங்கே அவர் அறையில் யார் ஊருக்குக் கிளம்பினாலும் பெட்டியில் எழுத அத்தாவைத்தான் கூப்பிடுவார்களாம். திருச்சி ஏர்போர்ட்டில் தள்ளுவண்டிகள் வெளியே வரும்போது, எந்தப் பெட்டியில் அத்தாவின் எழுத்து இருக்கிறதென்று அம்மா தூரத்திலிருந்தே சொல்லிவிடுவார்.

அதையே வரைந்தேன். அந்த மாதத்தில் நான் அசையாமல் உட்கார்ந்த ஒரே மாலை அதுதான். சுற்றிலும் அம்மா பெருநாளைக்கு எங்கள் கையில் போட்டுவிடும் மருதாணிக் கொடியைப் படரவிட்டேன்.

இது வெறும் பெட்டிதானே, இதில் மரபு எங்கே இருக்கிறது என்று டீச்சர் கேட்டார். எனக்கும் தெரியவில்லை. வேறு வரைய நேரமில்லாததால் எடுத்துக்கொண்டார்.

கண்காட்சிக்கு அத்தா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், அத்தர் பூசிக்கொண்டு வந்தார். மண்டபத்தில் என் படம் ஸ்விட்ச் போர்டுக்குப் பக்கத்தில் தொங்கியது. அதைப் பார்த்தால் சிரிப்பார் என்று பயந்து, கையைப் பிடித்து வேகமாக இழுத்துப் போனேன். அவராகவே நின்றுவிட்டார். தாளைத் தொடாமல், அந்த வால் போன வழியே காற்றில் விரலை ஓட்டினார். பிறகு கேட்டார்.

“கயிறு கட்டலையே?”

ஊருக்கு வரும்போதும் போகும்போதும் பெட்டிக்குக் குறுக்கும் நெடுக்குமாக நைலான் கயிறு கட்டுவார். நான் மறந்தே போயிருந்தேன். இப்போதே போட்டுவிடுகிறேன் என்றேன்.

“வேணாம்மா. அவுத்த பெட்டியாவே இருக்கட்டும்.”

என்னைச் சமாதானப்படுத்துகிறார் என்று நினைத்தேன்.

அவர் கிளம்புவதற்கு முந்தின நாள் படம் திரும்பி வந்தது. அம்மா ஊறுகாய் பாட்டிலைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். அத்தா சட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். என்னால் நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. ஸ்கேலும் நீல ஸ்கெட்ச் பேனாவும் எடுத்து, விட்டுப்போன கயிற்றை வரைந்தேன். இரண்டு சுற்று, நடுவில் பெரிய முடிச்சு. அழுத்திய அழுத்தில் அத்தாவின் பெயருக்கு மேல் தாள் கொஞ்சம் கிழிந்தது. கொண்டுபோய்க் கொடுத்தேன்.

கிழிந்த இடத்தை விரலால் நீவிவிட்டார்.

“நல்லா இறுக்கிக் கட்டிட்டியேம்மா” என்றார்.

மடித்து, சட்டைகளுக்கு நடுவே வைத்துக்கொண்டார். நான் தெருவில் இறங்கி, படத்திலேயே அத்தாவுக்கு அந்த முடிச்சுதான் ரொம்பப் பிடித்தது என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு ஓடினேன்.