கடைசித் துண்டு கேக்கும் ஆனிகாவின் இரண்டாம் பாடமும்

அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆனிகா ஹோவ்லண்டின் ஊரில், எதைக் கொடுத்தாலும் இரண்டு தடவை வேண்டாம் என்று சொல்லிவிட்டு மூன்றாம் தடவைதான் வாங்கிக்கொள்வார்கள். முதல் தடவையே கை நீட்டுகிறவனைப் பற்றி வீடு போய்ச் சேரும்வரை காரில் பேசுவார்கள். இந்த வளர்ப்போடுதான் அவள் வேதியியல் படிக்கப் போனாள். கூடவே இன்னொரு முதன்மைப் பாடமும் எடுக்கலாம் என்றார்கள். வினை அங்கேதான் வந்தது.

அவளுக்கு ஆசை நாடகத்தின் மேல். யாரிடமும் சொன்னதில்லை.

கல்லூரியின் பாட ஆலோசகர் டெலூக்கா நியூஜெர்சிக்காரர்; இந்த மூன்று தடவைக் கணக்கெல்லாம் அவருக்குத் தெரியாது.

"நாடகம் எடுக்கிறியாம்மா?"

ஆனிகாவுக்கு நெஞ்சு துள்ளியது. "ஐயோ, வேண்டாம் சார். உங்களுக்கு எதுக்குச் சிரமம்?"

"சரி, விடு," என்று அவர் அடுத்ததற்குப் போய்விட்டார். பாவி மனுஷன், இன்னொரு தடவை கேட்டால் வாய் வலிக்குமா?

"புல்தரைப் பராமரிப்பு? கோல்ஃப் மைதானத்துக்கெல்லாம் ஆள் தேடுறாங்க."

"வேண்டாம் சார்." இது நிஜமாகவே வேண்டாம்.

"வேதியியலோட நல்லாப் பொருந்தும்மா."

"வேண்டாம் சார்."

"அந்தத் துறையில ஆளே இல்ல, எடுத்துக்கயேன்."

மூன்றாகிவிட்டது. இனி மறுத்தால் மரியாதை இல்லை. "ரொம்ப நன்றி சார்," என்றாள், அழமாட்டாக்குறையாக.

ஞாயிற்றுக்கிழமை தேவாலய விருந்துக்குள் ஊரெல்லாம் தெரிந்துவிட்டது. பக்கத்து வீட்டு வெர்னா, நோய் கண்ட புல்லைக் கேக் தட்டிலேயே பெயர்த்துக்கொண்டு வந்துவிட்டாள். "என்னன்னு பாத்துச் சொல்லுடி. அவசரமில்ல, சாப்பிட்டுட்டே பாரு."

பாடத்தை மாற்ற மறுநாள்தான் கடைசி நாள்.

மேஜையில் ஒரே ஒரு துண்டு எலுமிச்சைக் கேக் மீதி இருந்தது. கடைசித் துண்டை எடுப்பது பெரிய பாவம் என்பதால் ஆளாளுக்கு அதில் பாதி, பாதியில் பாதி என்று வெட்டிக்கொண்டே போனார்கள். நகத்தளவு ஆனபிறகும் பாதிரியார் கத்தியோடு வந்தார்.

ஆனிகா அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

பாதிரியாரின் கத்தி அந்தரத்தில் நின்றது. அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

"எனக்குப் புல்லு வேண்டாம், நாடகம்தான் வேணும்," என்றாள் ஆனிகா. "மறுபடி கேக்காதீங்க. இதான் பதில்."

அப்பா காலித் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தத் துண்டு முழுசா இருந்தப்பலேர்ந்து எனக்கு அது மேல கண்ணு," என்றார் மெதுவாக. பிறகு, யாரும் ஒரு தடவைகூடக் கேட்காமலே, "காலையில ரெடியா இரு. காலேஜுக்கு நான் கூட்டிட்டுப் போறேன்," என்றார்.